வீட்ஸ்டோன் பிரிட்ஜில் 220 ஓம் வர வேண்டுமாம், எனக்கு 222 வருகிறது

தாராவி தம்பி:
பகலில் லிஃப்ட் பராமரிப்பு வேலை, சாயங்காலம் டிப்ளமோ வகுப்பு. நேற்று ஒரு கணக்கில் மொத்த மார்க்கும் போய்விட்டது.

கணக்கு வீட்ஸ்டோன் பிரிட்ஜ், அதாவது நான்கு மின்தடைகளும் நடுவில் ஒரு மீட்டரும் உள்ள சுற்று. மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் நடுவே 10 வோல்ட் பேட்டரி. இடப்பக்கம் மேலே 200 ஓம், கீழே 200. வலப்பக்கம் மேலே 200, கீழே 300. நடுவில், இரண்டு பக்கத்தையும் இணைத்து, 30 ஓம் கால்வனாமீட்டர் (சின்ன கரன்ட்டைக் காட்டும் மீட்டர்). அதில் எவ்வளவு கரன்ட் ஓடும்? தெவனின் முறையில் போட வேண்டும், அதாவது மீட்டர் தவிர மற்ற சுற்றை ஒரே வோல்ட்டேஜ், ஒரே மின்தடை என்று சுருக்க வேண்டும்.

மீட்டரைக் கழற்றினேன். ஒரு பக்கம் 5 வோல்ட், மறுபக்கம் 6, வித்தியாசம் 1 வோல்ட். அப்புறம் பேட்டரியையும் கழற்றிவிட்டு மின்தடை பார்த்தேன். மேல்வழி 400, கீழ்வழி 500, இரண்டும் பேரலல், ஆக 222.2 ஓம். கரன்ட் 3.97 மில்லி ஆம்பியர். விடையில் 220 ஓம், 4 மில்லி ஆம்பியர் என்று இருக்கிறது. இவ்வளவு நெருங்கி வந்தும் சைபரா? இதெல்லாம் வேலையில் எங்கேயாவது உதவுமா?

செம்பூர் டீச்சர்:
பேட்டரியைக் கழற்றியதுதான் தப்பு. அதை 0 வோல்ட் ஆக்கச் சொல்கிறோம். 0 வோல்ட் என்றால் வெறும் கம்பி. கரன்ட் சோர்ஸாக இருந்தால்தான் கழற்றித் திறந்து விட வேண்டும். கம்பி போட்டால் 200-ம் 200-ம் பேரலலில் 100, 200-ம் 300-ம் பேரலலில் 120. கூட்டினால் 220. மீட்டரோடு 250. 1 வோல்ட்டை 250-ஆல் வகுத்தால் 4 மில்லி ஆம்பியர்.

நெருங்கி வந்தது உங்கள் அதிர்ஷ்டம், அல்லது துரதிர்ஷ்டம். பிரிட்ஜ் சரியாகச் சமநிலையில் இருந்தால், அதாவது மீட்டரில் கரன்ட்டே ஓடாத நிலையில் இருந்தால், பேட்டரி இருக்கும் கிளையில் கம்பி போட்டாலும் திறந்து விட்டாலும் மீட்டர் பக்கம் ஒரே மின்தடைதான் தெரியும். உங்கள் கணக்கு சமநிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் தப்பு ஒளிந்துகொண்டது. 300-க்குப் பதில் 1800 போட்டுப் பாருங்கள். சரியான விடை 280, உங்கள் வழியில் 333.

லேபர் கேம்ப் அண்ணாச்சி:
டீச்சரம்மா சொன்னதுதான் சரி தம்பி, மார்க்கை வெட்டினதும் சரி. வேலையில் உதவுமா என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன்.

90 அடி ரோட்டுப் பக்கம் சொந்தக்காரர் வீடு, பழைய சால் (வரிசையாக ஒற்றை ரூம் வீடுகள் உள்ள கட்டடம்), மாடி ரூம். கீசர் போட்டால் லைட் மங்கும். வெளியிலிருந்து வருகிற சப்ளையே சரியில்லை என்று ஆறு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போய்க் கீசர் போர்டில் மீட்டர் வைத்தேன். சும்மா இருக்கும்போது 232 வோல்ட். கீசர் போட்டதும் 216. வயரைக் கவ்விக் கரன்ட் பார்க்கும் கிளாம்ப் மீட்டரில் 8 ஆம்பியர். போனது 16 வோல்ட், அதை 8-ஆல் வகுத்தால் 2 ஓம். தெரு ட்ரான்ஸ்ஃபார்மர், கேபிள், மாடிப்படி வயர், மெயின் சுவிட்ச் எல்லாம் சேர்ந்து என் கண்ணுக்கு ஒரு 232 வோல்ட், ஒரு 2 ஓம், அவ்வளவுதான். இதைத்தான் உங்கள் புத்தகத்தில் தெவனின் என்கிறார்கள். ஒழுங்கான வயரிங்கில் நான் பார்த்த வரைக்கும் இது ஒரு ஓமுக்குக் கீழேதான் இருக்கும்.

ஆனால் அந்த 2 ஓம் எங்கே உட்கார்ந்திருக்கிறது? அதைக் கணக்கு சொல்லாது. இப்படிச் சுருக்கின சமானச் சுற்று வாசலில் நிற்கிறவனுக்குத்தான், வீட்டுக்குள்ளே நடப்பது அதில் தெரியாது. அதனால் வாசலை நகர்த்தினேன். மெயின் சுவிட்சுக்குள் வருகிற பக்கம் மீட்டர் வைத்துக் கீசரைப் போடச் சொன்னேன். 229. மூன்று வோல்ட்தான் குறைந்தது, ஆக சப்ளை மேல் பழி போட முடியாது. வெளியே போகிற பக்கம் வைத்தேன், 218. பதினொரு வோல்ட்டை அந்தச் சுவிட்சே தின்கிறது! 11-ஐ 8-ஆல் பெருக்கு, 88 வாட். மூன்று சால்டரிங் அயர்னை அந்தப் பெட்டிக்குள் சொருகி வைத்த மாதிரி. லைனை அணைத்துத் திறந்தால் நியூட்ரல் ஸ்குரூ கருகி, பிளாஸ்டிக் உருகி நிற்கிறது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. சுவிட்ச் மாற்றிய பிறகு மங்கல் இல்லை.

ஒன்று மட்டும். புத்தகத்தில் முனைகளை ஷார்ட் செய்து கரன்ட் பார் என்று இருக்கும். 232-ஐ 2-ஆல் வகுத்தால் 116 ஆம்பியர். தாளில் போடு, கையால் போட்டுப் பார்க்காதே.

தாராவி தம்பி:
அண்ணாச்சி, நாளைக்கே எங்கள் சால் மெயின் சுவிட்சைத் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. டீச்சர் அக்கா, இதே கணக்கை ஸ்டார்-டெல்டா போட்டுச் செய்யலாமா?

செம்பூர் டீச்சர்:
சுவிட்சைத் தொடாதீர்கள், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

ஸ்டார்-டெல்டா, அதாவது முக்கோணமாக இணைந்த மூன்று மின்தடைகளை ஒரே புள்ளியில் சேரும் மூன்றாக மாற்றுவது, செய்யலாம், ஆனால் சுற்றுவழி. மேலே இருக்கும் 200, 200, நடுவில் 30, இந்த மூன்றையும் ஸ்டார் ஆக்கினால் நீங்கள் தேடுகிற மீட்டரே காணாமல் போய்விடும். பேட்டரியிலிருந்து மொத்தம் எவ்வளவு கரன்ட் என்று கேட்டால் அது நல்ல வழி. மீட்டர் கரன்ட் வேண்டும் என்றால் முனை மின்னழுத்தங்களைக் கண்டுபிடித்துத் திரும்பி வர வேண்டும். தெவனினில் வேறு மீட்டர் போட்டால்கூட ஒரே வகுத்தல்தான். 180 ஓம் மீட்டரா? 1-ஐ 400-ஆல் வகுத்தால் 2.5 மில்லி ஆம்பியர்.

ஸ்டார்-டெல்டா மாற்றத்தை 1899-இல் எழுதிய ஆர்தர் கென்னலி 1861-இல் பிறந்தது நம் மும்பை கொலாபாவில்தான், தெரியுமா?

லேபர் கேம்ப் அண்ணாச்சி:
கொலாபாவா! முப்பது வருடமாக மோட்டாருக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் மாட்டுகிறேன், அப்படி ஒருத்தர் இருந்ததே இன்றைக்குத்தான் தெரியும்.

தாராவி தம்பி:
1800 போட்டுப் பார்த்தேன், 280-ம் 333-ம் சரியாக வருகிறது. இதை எடுத்துப்போய் சாரிடம் காட்டப் போகிறேன். மார்க் தரமாட்டார், தெரியும்.