மாயாவியின் கையை வரைந்தவர் ஆங்கிலேயர் இல்லை

கெடிலக்கரை (கடலூர்):
இன்னும் பேர் கிடைத்திருக்க வேண்டிய காமிக்ஸ் ஓவியர்கள் யார் யார் என்று பேசிக்கொண்டிருந்தோம். நேற்று புதுவை ரசிகன் நடுவில் வந்து, "இரும்புக்கை மாயாவியை வரைந்தது யாரோ ஒரு ஆங்கிலேயர். அவர்களுக்கெல்லாம் வேண்டிய பேர் கிடைத்தாயிற்று" என்று எழுதிவிட்டுப் போனார். ராத்திரி முழுக்க எனக்கு மனசு ஆறவில்லை.

யாரோ ஒருவரா? அவர் பெயர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919ல் பார்சிலோனாவில் பிறந்தவர். ஸ்பெயின்காரர், ஆங்கிலேயர் இல்லை. 1962ல் லண்டனில் 'வேலியண்ட்' என்ற காமிக்ஸ் வார இதழில் இரும்புக்கை மாயாவி கதை தொடங்கியது. அந்தக் கால லண்டன் வார இதழ்களில் ஓவியர் பேர் போடுகிற வழக்கம் கிடையாது. 1972ல் தமிழில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக மாயாவி நம்மிடம் வந்தபோதும் அவரை யாருக்குத் தெரியும்?

ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள். ஷாக் அடித்ததும் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். முகம் கிடையாது, கண் கிடையாது. கோபமோ பதற்றமோ, எல்லாவற்றையும் ஐந்து விரல்களை வைத்தே காட்டியாக வேண்டும். கதவைத் திறக்கப் போகும் கையும் கழுத்தைப் பிடிக்கப் போகும் கையும் ஒன்றாக இருக்காது. சுற்றிலும் கறுப்பு மையை அப்பி, கை மேல் மட்டும் வெளிச்சம் விழ வைப்பார். அதைப் போட்ட மனிதரை 'யாரோ' என்றால் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

புதுவை ரசிகன்:
லண்டன் பத்திரிகை, லண்டன் காசு, ஆங்கிலக் கதை. ஆங்கிலக் காமிக்ஸ் ஓவியர் என்றுதானே சொல்ல முடியும்? இதற்கு ராத்திரி தூங்காமல் இருந்தீர்களா?

கெடிலக்கரை:
நீங்கள் எழுதியது 'ஆங்கிலேயர்'. இப்போது 'ஆங்கிலக் காமிக்ஸ் ஓவியர்' என்று மாற்றுகிறீர்கள். நான் தினமும் முள்ளோடை எல்லையைத் தாண்டி பாண்டிக்கு வேலைக்கு வருகிறேன். சம்பளம் பாண்டிக் காசு. அதனால் நான் பாண்டிக்காரன் ஆகிவிட்டேனா?

புதுவை ரசிகன்:
உங்களை யார் சேர்த்துக்கொள்ளப் போகிறார்கள்? லண்டனில் வந்ததா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.

நெல்லித்தோப்பு நிலா:
இரண்டு பேரும் ஏன் இப்படி? மாயாவியை வரைந்தவர் சை பேரி என்றுதான் நான் படித்திருக்கிறேன். மண்டை ஓட்டுக் குகை, முகமூடி, குதிரை எல்லாம் வருமே. அவர் அமெரிக்கர்.

கெடிலக்கரை:
அம்மா, அது ராணி காமிக்ஸில் வந்த முகமூடி வீரர் மாயாவி. லீ பால்க் 1936ல் உருவாக்கியவர். சை பேரி 1961லிருந்து முப்பது வருஷத்துக்கு மேல் அவரை வரைந்தார், நல்ல ஓவியர், மறுக்கவில்லை. ஆனால் நாம் பேசுவது இரும்புக்கை மாயாவி. இரண்டு மாயாவியையும் குழப்புகிறவர்களோடு எப்படிப் பேசுவது?

நெல்லித்தோப்பு நிலா:
குழப்பினால் என்ன குடி முழுகிவிட்டது? அந்தப் பேரை வைத்தவர்களைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் மாயாவி என்றால் ராணி காமிக்ஸ்தான். பெண்கள் காமிக்ஸ் படித்தால் இப்படித்தான் ஒரு அதட்டல் வரும்.

முதுநகர் பெரியவர்:
தம்பிகளா, வெளிநாட்டு ஆட்களுக்கே இவ்வளவு சண்டையா? பிள்ளைகளுக்கு எழுதிய வாண்டுமாமாவின் படக்கதைகளுக்கு வரைந்த செல்லத்தை இங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லை. தினத்தந்தியில் 1960லிருந்து சிந்துபாத்தும் லைலாவும் வருகிறார்கள். கன்னித்தீவு தெரியாத டீக்கடை உண்டா? அதை வரைந்தவர் பேரைக் கேட்டால் டீக்கடையில் எத்தனை பேர் சொல்வார்கள்? சுப்பாண்டியை வரைந்த ராம் வாயீர்கர் பேரைச் சொல்கிற ஒரு பிள்ளையைக் காட்டுங்கள் பார்ப்போம்.

புதுவை ரசிகன்:
சரியாகச் சொன்னீர்கள் ஐயா. நானும் இதைத்தான் சொன்னேன்.

கெடிலக்கரை:
இல்லை, நீங்கள் சொன்னது 'ஆங்கிலேயர்'. பெரியவர் சொல்வது வேறு, அதில் நியாயம் இருக்கிறது. செல்லம் பெரிய ஓவியர்தான். அதற்காக பிளாஸ்கோவின் ஊரை மாற்றிவிடலாமா? மாடஸ்டி என்ற சாகச நாயகியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1984ல் லயன் காமிக்ஸின் முதல் இதழே அவள் கதைதான். முதலில் வரைந்த ஜிம் ஹோல்டவே 1970ல் இறந்து போனார். பாதியில் நின்ற கதையை எடுத்து வரைந்த ரொமேரோவும் பார்சிலோனாக்காரர். லண்டன் பத்திரிகைகளில் வந்த எத்தனையோ பக்கங்கள் ஸ்பெயின்காரர்கள் போட்டவை. பெயர் இல்லாததால் எல்லாரையும் ஆங்கிலேயர் ஆக்கிவிட்டார்கள். அதைத்தான் நீங்களும் செய்கிறீர்கள்.

புதுவை ரசிகன்:
லண்டனில் வந்ததா இல்லையா? இன்னும் பதில் வரவில்லை. ஓவியருக்கு மரியாதை என்றால் பிரெஞ்சுக்காரர்களைப் பாருங்கள். நம் காமிக்ஸில் வந்த கேப்டன் டைகரை வரைந்த ழான் ஜிரோவைப் பாரிசில் கொண்டாடுவார்கள். அந்த ரசனை புதுச்சேரிக்காரனுக்கு ரத்தத்திலேயே உண்டு. கடலூரில் இருந்துகொண்டு இதைப் புரிந்துகொள்வது கஷ்டம்.

முதுநகர் பெரியவர்:
ஊரை ஏன் இழுக்கிறீர்கள்? பிரெஞ்சுக்காரன் வருவதற்கு முன்பே டச்சுக்காரனோடு வியாபாரம் செய்த துறைமுகம் எங்கள் கடலூர்.

கெடிலக்கரை:
ரசனையைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம் புதுவை ரசிகரே. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் போன வருஷம் நானும் நீங்களும் ஒரே கட்டுக்குக் கை வைத்தோம். மேலே இருந்தது பழைய மாயாவி, அட்டை கிழிந்திருந்தது. அட்டை இல்லாவிட்டால் மதிப்பில்லை என்று தூக்கிப் போட்டீர்கள். உள்ளே ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மைதாப் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். தானே புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து என் பெட்டி முழுக்க நனைந்துபோனவன் நான். 2011 டிசம்பர் 30ஆம் தேதி. பக்கங்களை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டு உலர்த்தினேன். மை கலங்கிய பக்கத்தில்கூட அந்தக் கை தெரிந்தது. எனக்கு ரசனை சொல்லித் தருகிறீர்களா?

புதுவை ரசிகன்:
அந்தக் கட்டை நான்தான் முதலில் தொட்டேன். பேரம் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் பணத்தைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போனது நீங்கள். இப்போது கதையை மாற்ற வேண்டாம்.

நெல்லித்தோப்பு நிலா:
ஆக இது பிளாஸ்கோ சண்டையே இல்லை.

கெடிலக்கரை:
இது பிளாஸ்கோ சண்டைதான். 1995ல் அவர் இறந்தபோது இங்கே எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்? நாம் சின்ன வயதில் கரண்டைக் கண்டு பயந்ததும், ப்ளக்கில் கை வைத்தால் மறைந்துவிடலாம் என்று நம்பியதும் அவர் கோட்டினால். லூயி கிராண்டல் என்ற மாயாவியின் நிஜப் பேர் தெரிந்தவர்களுக்கு, அவனை வரைந்தவர் பேர் தெரிய வேண்டாமா? ஹெசூஸ் பிளாஸ்கோ. பார்சிலோனா. ஸ்பெயின்காரர். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புதுவை ரசிகன்:
வெளியானது லண்டன். அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதுநகர் பெரியவர்:
செல்லத்தைப் பற்றி ஒருவராவது இரண்டு வரி எழுதுவீர்களா?

கெடிலக்கரை:
எழுதுகிறேன் ஐயா, கட்டாயம் எழுதுகிறேன். முதலில் இவர் 'ஆங்கிலேயர்' என்று எழுதியதை எடுக்கட்டும்.

புதுவை ரசிகன்:
எடுக்க மாட்டேன்.