கிராம்பு: கொத்தில் நாலு மொட்டு சிவந்தால் பறிக்கலாமா, காத்திருக்க வேண்டுமா?

விளைக்காரன் (குலசேகரம்)
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு விளையில் ரப்பருக்கும் தென்னைக்கும் நடுவில் ஒரு கிராம்பு மரம் நிற்கிறது. அப்பா வைத்தது. ஒன்பதாவது வருஷம் இப்போதுதான் முதல் தடவையாக மொட்டு விட்டிருக்கிறது. அப்பா இல்லை, வீட்டில் கேட்க வேறு ஆளும் இல்லை.

சில கொத்துகளில் ஒன்றிரண்டு மொட்டு இளஞ்சிவப்பாகிவிட்டது. மற்றதெல்லாம் பச்சை. பக்கத்து வீட்டு அண்ணன், "நல்லமிளகு மாதிரிதான், ஒன்றிரண்டு மணி சிவந்தால் குலையோடு பறிக்க வேண்டியதுதான்" என்கிறார். மாமியார், "மாசி பிறக்கட்டும், அதுவரை தொடாதே" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இன்னொன்று, மேல்கொப்புகளில் இலையே சிவப்பாக இருக்கிறது. அது நோயா?

மாறாமலைக்காரன்
தம்பி, இலைச் சிவப்பு நோய் இல்லை. கிராம்பு தளிர்விடும்போது அப்படித்தான் இருக்கும், பிறகு பச்சையாகிவிடும். அதைப் பார்த்து மரம் முற்றிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

மாதக் கணக்கை விட்டுவிடுங்கள். உங்கள் மாமியார் சொல்வது மலைத் தோட்டத்துக் கணக்காக இருக்கும். சமவெளி மரம் புரட்டாசி, ஐப்பசி வாக்கில் பூக்கும். மேலே போகப் போக மார்கழி, தை ஆகிவிடும். கீழே குலசேகரத்து மரமும் மலைமேல் எங்கள் மாறாமலை மரமும் ஒரே நாளில் பறிப்புக்கு வராது. மொட்டு கண்ணில் பட்டதிலிருந்து பறிக்க நாலு முதல் ஆறு மாதம் ஆகும். நாள்காட்டியை வைத்து அதைப் பிடிக்க முடியாது.

மொட்டைத்தான் பார்க்க வேண்டும். கீழே நீளமான உடம்பு, அதன் மேல் நாலு சின்னப் பல், நடுவில் உருண்டைத் தலை. இளம் மொட்டில் தலை பல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கும். முற்ற முற்ற உருண்டு, பல்லைத் தள்ளிக்கொண்டு மணி மாதிரி மேலே வரும். பல் விரிந்து நிற்கும். அதன்பிறகு உடம்பின் பச்சை வெளுத்து இளஞ்சிவப்பு ஏறும். தலை உருண்டு மூடியிருக்க வேண்டும், உடம்பு சிவக்கத் தொடங்கியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பறிப்பு. உங்கள் மரத்தில் அந்த நிலையில் இருப்பதை மட்டும் எடுங்கள். மற்றது நிற்கட்டும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள்.

நல்லமிளகுக் கணக்கைக் கிராம்புக்குப் போட வேண்டாம். மிளகில் முற்றிய பச்சை மணியும் காய்ந்தால் கறுத்து நல்ல சரக்காகிவிடும். கிராம்பில் பிஞ்சு மொட்டைக் காயவைத்தால் சுருங்கி மெலிந்து கிடக்கும்.

அருமனை ஏணி
மாறாமலை அண்ணாச்சி சொல்வதெல்லாம் புத்தகத்தில் இருப்பதுதான், தப்பு சொல்லவில்லை. ஆனால் நாலைந்து நாளுக்கு ஒருமுறை யார் ஏறுவது? எனக்கு மூன்று மரம், ஒவ்வொன்றும் மாடி வீட்டைத் தாண்டிய உயரம். கிராம்புக் கொப்பு முருங்கை மாதிரி சட்டென்று முறியும். ஏறுகிற ஆள் இப்போது கிடைப்பதே அபூர்வம், கிடைத்தாலும் ஒரு நாள் கூலி முழுசாகக் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் ஆள் தினமும் நிற்பார்கள், வரிசையாகப் பறிப்பார்கள். வீட்டு மரத்துக்கு அது நடக்காது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் எல்லாம் சிவக்கட்டும் என்று இருந்தேன். ஏறுகிறவருக்குக் காய்ச்சல், வேறு ஆள் வரவில்லை. ஒன்பது நாள் போய்விட்டது. பிறகு பார்த்தால் மரத்தடியெல்லாம் வெள்ளை நூல் மாதிரி பூக்கேசரம். பாதி மொட்டு பூவாக விரிந்து வீணாகிவிட்டது. அந்த வருஷம் என் மனைவி கண் கலங்கியதை நான் மறக்கவில்லை. அதிலிருந்து என் கணக்கு ஒன்றுதான்: மரத்தில் பாதி சிவப்பு தெரிந்தால் ஒரே ஏற்றத்தில் எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் பிஞ்சு சேரும், சேரட்டும். விரிந்து போவதை விட அது மேல்.

மாறாமலைக்காரன்
அருமனை அண்ணாச்சி, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் "கொஞ்சம் பிஞ்சு" என்பது கொஞ்சம் இல்லை. பாதி மரம் சிவந்திருக்கும்போது மொத்தத்தையும் இறக்கினால் மீதிப் பாதி பச்சைதானே? ஆறு மாதம் மரம் சுமந்ததை இரண்டு வாரத்துக்கு முன்னால் பறிக்கிறோம். வாழைக்குலையில் ஒரு சீப்பு பழுத்தால் குலையையே வெட்டலாம், மிச்சம் வீட்டில் பழுக்கும். கிராம்பு மொட்டு பறித்த நிமிஷத்தில் எந்த நிலையில் இருந்ததோ அதோடு நின்றுவிடும். வீட்டில் முற்றாது.

இந்த மலைக் கிராம்பில் எண்ணெய் அதிகம் என்று சொல்லித்தானே 2021-ல் கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடு வாங்கினோம்? கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் 1800 வாக்கில் குற்றாலத்தில் வைத்த செடி இங்கே வந்து இந்தப் பேர் வாங்கியிருக்கிறது. பச்சை மொட்டைக் கலந்து அனுப்பினால் அந்தப் பேரை நாமே கெடுத்ததாகாதா?

அருமனை ஏணி
பேர் தோட்டக்காரருக்கு அண்ணாச்சி. என் மரத்தில் எல்லாம் சேர்த்து எட்டு கிலோ. அதற்காக ஒருவரை நாலு தடவை மரத்தில் ஏற்றி, அவர் விழுந்தால் அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? இது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

சொளவு
நான் பதினோரு வருஷம் தோட்டத்தில் மொட்டு ஆய்ந்தவள். பறித்துப் போட்ட கொத்திலிருந்து மொட்டு வேறு, காம்பு வேறாகப் பிரிப்பது எங்கள் வேலை. விரல் இரண்டும் மரத்துப்போய்விடும், வீட்டுக்குப் போனாலும் கையில் வாசனை போகாது. அதனால் சொல்கிறேன், இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள்.

தோட்டத்திலும் யாரும் மொட்டு மொட்டாகப் பறிப்பதில்லை. கொத்தாகத்தான் பறிப்பார்கள். ஒரு கொத்தில் பத்து பதினைந்து மொட்டு இருக்கும், அவை ஏறக்குறைய ஒன்றாகவே முற்றும். முன்னே பின்னே போவது கொத்துக்குக் கொத்துதான். ஒரு கொத்தில் முக்கால்வாசி மொட்டு உருண்டு நிறம் மாறியிருந்தால் அந்தக் கொத்தை எடுக்கலாம். ஒன்றிரண்டுதான் மாறியிருக்கிறது என்றால் விட்டுவிட வேண்டும்.

மரத்தில் எல்லாப் பக்கமும் ஒன்றாகச் சிவக்காது. வெயில் விழும் கொப்பு முதலில், தென்னை நிழலில் நிற்கும் கொப்பு கடைசியில். ஆகவே முதல் ஏற்றத்துக்கு வெயில்பக்கம், இரண்டாவதுக்கு உள்பக்கம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு தடவையில் முடிந்துவிடும். நாலு தடவையும் வேண்டாம், ஒரே தடவையும் வேண்டாம்.

தம்பி குலசேகரம், நீங்கள் தினம் காலையில் மரத்தடியைப் பாருங்கள். நூல் மாதிரி கேசரமும் தொப்பி மாதிரி சின்ன இதழும் ஒன்றிரண்டு கிடந்தால் எங்கோ ஒரு கொத்து விரியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் ஒரு நாளும் தள்ளக்கூடாது. பறிக்கும்போது கொத்தின் காம்பை நகத்தால் கிள்ளி எடுங்கள். கொப்பை வளைத்து முறித்தால் அடுத்த மொட்டு வருகிற நுனியே போய்விடும்.

வடசேரி வியாபாரி
வாங்குகிறவன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. அக்கா சொன்னதை ஏற்கிறேன், அருமனை அண்ணாச்சி சொன்னதை ஏற்க மாட்டேன். சாக்கைப் பிரித்ததும் நான் ஒரு கைப்பிடி எடுத்துப் பார்ப்பேன். தலை உதிர்ந்தது எத்தனை, சுருங்கியது எத்தனை. தலை உதிர்ந்திருந்தால் பிந்திப் பறித்தது. சுருங்கி மெலிந்திருந்தால் பிஞ்சு. பிறகு ஒன்றை நகத்தால் அழுத்துவேன், எண்ணெய் கசிய வேண்டும். கலப்புச் சரக்குக்கு எந்த வியாபாரியும் நல்லதின் விலை தர மாட்டான், மட்டமானதை வைத்துத்தான் விலை பேசுவான். நூறு நல்ல மொட்டோடு இருபது பிஞ்சு கலந்தால் நஷ்டம் அந்த இருபதோடு நிற்காது.

ஒரே தடவைதான் இறக்க முடியும் என்றால் சரி, காயப்போடும் முன்பே பச்சையைத் தனியாகப் பொறுக்கிவிடுங்கள். காய்ந்தபிறகு எல்லாம் ஒரே தவிட்டு நிறம், பிரிப்பது பெரும்பாடு. காம்பையும் வீசாதீர்கள். மொட்டில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் என்றால் காம்பிலும் ஐந்தாறு சதவீதம் இருக்கிறது, அதற்கும் ஆள் உண்டு.

அருமனை ஏணி
பொறுக்குவது வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை, அதில் எனக்கு மறுப்பில்லை. இந்த வருஷம் செய்கிறேன். அக்கா சொன்ன வெயில்பக்கம், உள்பக்கம் கணக்கும் நல்லதுதான். ஆனால் இரண்டாவது ஏற்றத்துக்குள் மழை வந்தால்?

மாறாமலைக்காரன்
மழை வந்தால் மரத்தில் இருப்பதற்கு ஆபத்து குறைவு. ஆபத்து பறித்ததற்குத்தான். பறித்த மொட்டை இரவு குவியலாகப் போட்டால் புழுங்கி, காயும்போது வெளிறிச் சுருங்கும். பரத்திப் போடுங்கள், மழை நேரத்தில் வீட்டுக்குள் மின்விசிறி அடியில் விரிக்கலாம். வானம் மூடியிருக்கும் நாளில் பறிக்கவே வேண்டாம். இதற்காகவும்தான் ஒரே நாளில் மொத்தத்தையும் இறக்காதீர்கள் என்கிறேன். கொஞ்சமாக இருந்தால் வீட்டுத் திண்ணையிலேயே காப்பாற்றிவிடலாம்.

விளைக்காரன் (குலசேகரம்)
ரப்பர் ஷீட் காய்கிற புகைப்புரையில் போட்டால் சீக்கிரம் காயாதா?

சொளவு
வேண்டாம் தம்பி. புகை வாசனை ஏறிவிட்டால் கிராம்பு வாசனை திரும்ப வராது. நாலைந்து நாள் நல்ல வெயில் போதும். பாயில் ஒற்றை அடுக்காகப் போட்டு, அவ்வப்போது புரட்டிவிடுங்கள். உடைத்தால் டிக் என்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு நாள்.

விளைக்காரன் (குலசேகரம்)
எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து இப்போது எழுதுகிறேன். அக்கா சொன்னபடி தினம் காலையில் மரத்தடியைப் பார்த்தேன். ஆறாவது நாள் நாலு வெள்ளை நூல் கிடந்தது. அன்றைக்கே வெயில்பக்கத்துக் கொத்துகளை ஏணி வைத்துப் பறித்தோம். மரம் சின்னது, கொப்பில் ஏற வேண்டியிருக்கவில்லை. நானும் மனைவியும் மாமியாரும் உட்கார்ந்து பச்சையைத் தனியாகப் பொறுக்கினோம். பொறுக்கியபின் நல்ல மொட்டு காயாமல் மூன்று கிலோ இருந்தது, காய்ந்து ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், எண்ணெய் வந்தது. அப்பா இருந்து பார்த்திருக்கலாம்.

பொறுக்கிப் போட்ட பச்சையையும் சோதனைக்காகத் தனிப் பாயில் காயவைத்தேன். மாறாமலை அண்ணாச்சி சொன்னது உண்மை, சீரகம் மாதிரி மெலிந்துவிட்டது. உள்பக்கத்துக் கொப்புகளை வரும் ஞாயிறு எடுக்கிறோம். ஒரு கொத்தை மட்டும் விதைக்கு விடலாமா?

மாறாமலைக்காரன்
விடலாம் தம்பி. பூத்துக் காய்த்து, பழம் கருஞ்சிவப்பாகித் தானாக விழும்போது எடுத்து, காயவிடாமல் உடனே ஊன்றிவிடுங்கள். ஒரு வாரம் வைத்திருந்தால் முளைக்காது.

அருமனை ஏணி
என் மூன்று மரத்தில் முதல் ஏற்றம் நேற்று முடிந்தது. பாதி இறக்கினேன். மீதிக்கு அடுத்த புதன் ஆள் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எது இருந்தாலும், பச்சையோ சிவப்போ, இறக்கிவிடுவேன். மூன்றாவது தடவை யாரையும் ஏற்ற மாட்டேன்.