வில்லங்கச் சான்று பிடிஎஃப் டவுன்லோடு ஆகிறது, திறக்கவில்லை. அவசரம்!

உசிலைத்தம்பி:
வணக்கம். வில்லங்கச் சான்று டவுன்லோடு பண்ணினால் ஃபைல் வருகிறது, ஆனால் திறக்கவில்லை. எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். நாளைக் காலை கடன் விண்ணப்பத்தோடு பேங்கில் கொடுத்தாக வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மேலூர்_பிரவுசிங்_அக்கா:
போனா, கம்ப்யூட்டரா? எந்த பிரவுசர்? திறக்கும்போது திரையில் என்ன வருகிறது? வெள்ளையாக நிற்கிறதா, பாஸ்வேர்டு கேட்கிறதா, ஏதாவது எரர் காட்டுகிறதா? அதைச் சொல்லாமல் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது தம்பி.

வைகை_வாசன்:
பாஸ்வேர்டுதான். பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், அடுத்து பிறந்த வருடம். போட்டதும் திறக்கும்.

திருநகர்_சார்:
அது இ-ஆதாருக்கான பாஸ்வேர்டு. வில்லங்கச் சான்றுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
கேள்வி கேட்டவருக்கு: அடிப்படையை முதலில் கற்றுக்கொண்டு வாருங்கள். பிடிஎஃப்-ஐ பிரவுசரே திறக்கும். ஃபயர்ஃபாக்ஸில் 2013-இலிருந்தே அந்த வசதி இருக்கிறது. குரோமில் செட்டிங்ஸ் போய், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், அடிஷனல் கன்டென்ட் செட்டிங்ஸ், பிடிஎஃப் டாக்குமெண்ட்ஸ். பிரவுசரிலேயே திறக்கவா, டவுன்லோடு செய்யவா என்று இரண்டு தேர்வு இருக்கும். பிரவுசரிலேயே திறப்பதை வையுங்கள். இதை எத்தனை பேருக்குத்தான் எழுதுவது?

எல்லீஸ்நகர்_ரவி:
இது ஃபான்ட் கோளாறு. நம் ஊர் அலுவலகங்களில் பழைய ஆவணமெல்லாம் வானவில் என்ற பழைய தமிழ் ஃபான்டில் அடித்தது. கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இல்லையென்றால் இப்படித்தான்.

மேலூர்_பிரவுசிங்_அக்கா:
ரவி அண்ணே, ஃபான்ட் இல்லையென்றால் கட்டம் கட்டமாகவோ புரியாத எழுத்தாகவோ வரும். ஃபைல் திறக்காமல் போகாது. தம்பி வந்து பதில் சொல்லட்டும்.

திருநகர்_சார்:
வானவில்லை இன்னும் பிடித்துத் தொங்குவதுதான் கோளாறு. 2010-இலேயே யுனிகோடு, டேஸ் 16 என்ற இரண்டு எழுத்துக் குறியீட்டு முறைகளையும் தமிழக அரசு தரமாக அறிவித்தாயிற்று.

எல்லீஸ்நகர்_ரவி:
அறிவித்தால் ஆயிற்றா சார்? அதற்கு முன்னால் அடித்து வைத்த ஃபைல்களை யார் மாற்றுவது? ஒரு வரியை காப்பி பண்ணி வேறு இடத்தில் போட்டால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டுகிறது. தேடினாலும் கிடைக்காது. அந்தக் காலத்தில் கற்றுக்கொண்ட டைப்ரைட்டர் முறையில்தான் என் கை ஓடுகிறது, அதை விட்டுவிட்டு இப்போது தமிழ் 99 கீபோர்டு முறையைக் கற்றுக்கொள் என்பீர்கள்.

திருநகர்_சார்:
கீபோர்டு வேறு, எழுத்தைக் கம்ப்யூட்டர் சேமிக்கும் குறியீட்டு முறையான என்கோடிங் வேறு. டைப்ரைட்டர் முறையிலேயே யுனிகோடில் அடிக்கலாம். யாரும் உங்கள் கையைக் கட்டவில்லை.

உசிலைத்தம்பி:
கம்ப்யூட்டர்தான். குரோம். பிடிஎஃப் டாக்குமெண்ட் லோடு ஆகவில்லை என்று இங்கிலீஷில் எரர் வருகிறது. அதே ஃபைலை வாட்ஸ்அப்பில் போனுக்கு அனுப்பினேன், அங்கேயும் திறக்கவில்லை. சார் சொன்ன செட்டிங் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது.

மேலூர்_பிரவுசிங்_அக்கா:
சரி, இப்போது பிடி கிடைத்துவிட்டது. இரண்டு இடத்தில் திறக்கவில்லை என்றால் குறை ஃபைலில்தான். இனி செட்டிங்ஸைத் தொடாதீர்கள்.
அந்த ஃபைல்மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் சைஸ் பாருங்கள். அப்புறம் அதையே நோட்பேடில் திறங்கள். உண்மையான பிடிஎஃப் என்றால் முதல் வரியில் சதவீதக் குறியும் அதை ஒட்டி பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்தும் இருக்கும். எச்டிஎம்எல் என்று தொடங்கினால் அது சான்றே இல்லை, ஒரு வெப் பக்கம். பெயர் மட்டும் பிடிஎஃப்.
கடைக்கு வருகிறவர்கள் பிடிஎஃப் ரீடரை அழித்து அழித்து மறுபடி ஏற்றி நேரத்தை வீணாக்குகிறார்கள். ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

உசிலைத்தம்பி:
3 கேபி. எச்டிஎம்எல் என்றுதான் இருக்கிறது. நடுவில் லாகின் என்று வருகிறது.

மேலூர்_பிரவுசிங்_அக்கா:
அப்படியானால் அந்தக் கம்ப்யூட்டரில் ஏதாவது டவுன்லோடு மேனேஜர், அதாவது பிரவுசருக்குப் பதிலாக ஃபைலை இறக்கித் தரும் மென்பொருள், போட்டிருக்கிறீர்களா? நீங்கள் லாகின் செய்து பட்டனை அழுத்தியதும் சைட் உங்களுக்கென்று சான்றைத் தயார் பண்ணித் தரும். மேனேஜர் நடுவில் புகுந்து, அந்த லிங்க்கைத் தன் கணக்கில் தனியாகக் கேட்கும். சர்வருக்கு அது யாரென்று தெரியாது. "முதலில் லாகின் செய்" என்ற பக்கத்தை அனுப்பும். அதைத்தான் பிடிஎஃப் என்ற பெயரில் சேமித்துத் தந்திருக்கிறது. பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தாலும் லாகின் காலாவதியாகி இதே மாதிரி வரும்.
குரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், N மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மறைநிலை (இன்காக்னிட்டோ) ஜன்னல் திறக்கும். மேனேஜர் பிரவுசருக்குள் புகுவது எக்ஸ்டென்ஷன் என்ற துணை மென்பொருள் வழியாகத்தான்; நீங்களாக அனுமதி கொடுத்திருந்தால் ஒழிய எக்ஸ்டென்ஷன் எதுவும் அங்கே ஓடாது. அதில் புதிதாக லாகின் செய்து எடுங்கள். பட்டனை அழுத்தியும் ஒன்றும் நடக்காவிட்டால் அட்ரஸ் பாரின் வலது ஓரத்தைப் பாருங்கள், பாப்-அப்பைத் தடுத்த அடையாளம் இருக்கும். அந்த சைட்டுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

திருநகர்_சார்:
பிரவுசர் தற்காலிகமாகச் சேமித்து வைத்திருக்கும் கேஷை அழித்தாலே போதும். இவ்வளவு சுற்றத் தேவையில்லை.

மேலூர்_பிரவுசிங்_அக்கா:
சார், மேனேஜர் அங்கேயே இருக்கும்போது கேஷை அழித்து என்ன பயன்? மறுபடியும் அதே லாகின் பக்கம்தான் வரும். குக்கீயையும் சேர்த்து அழித்தால் லாகினும் போய்விடும்.

உசிலைத்தம்பி:
வந்துவிட்டது அக்கா. 200 கேபிக்கு மேல் இருக்கிறது, திறக்கிறது. ரொம்ப நன்றி. பிரிண்ட் எடுக்கக் கிளம்புகிறேன்.

மேலூர்_பிரவுசிங்_அக்கா:
நல்லது தம்பி. பிரிண்ட் மட்டும் போதாது, அந்த ஃபைலையும் பத்திரமாக வையுங்கள். டிஜிட்டல் கையொப்பம் ஃபைலுக்குள்தான் இருக்கிறது. பிரிண்ட் டு பிடிஎஃப் கொடுத்து இன்னொரு ஃபைல் உண்டாக்கினால் கையொப்பம் போய்விடும், டவுன்லோடு ஆன அசலையே மெயிலில் அனுப்புங்கள். அடோபி ரீடரில் திறந்தால் கையொப்பத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் கேள்விக்குறி வரலாம். சான்று போலி என்று பயப்பட வேண்டாம். கையொப்பமிட்டவரின் சான்றிதழை அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் நம்பகப் பட்டியலில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். வெளிக் கடையில் பிரிண்ட் எடுத்தால் டவுன்லோட்ஸிலும் ரீசைக்கிள் பின்னிலும் அழித்துவிட்டு வாருங்கள்.
மேனேஜர்தான் காரணமா, மறைநிலையில் எடுத்ததும் வந்ததா? ஒரு வரி சொன்னால் அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

வைகை_வாசன்:
அவர் இனி எங்கே வரப்போகிறார். அக்கா, என் மகளுக்கு போனில் இதே மாதிரிதான் வருகிறது. போனில் நோட்பேடு இல்லையே, எப்படிப் பார்ப்பது?

மேலூர்_பிரவுசிங்_அக்கா:
முதலில் ஃபைலின் சைஸ் சொல்லுங்கள் அண்ணே. அப்புறம் எந்த போன், எந்த சைட்?

எல்லீஸ்நகர்_ரவி:
சார், டைப்ரைட்டர் முறையில் யுனிகோடு அடிக்க என்ன மென்பொருள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.