முன்பின் அறியாதவரோடு பேசும் சில நிமிடங்கள்: மாநகர வாழ்வில் இவற்றுக்கு மதிப்பு உண்டா?

கிண்டிப் பயணி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறிக் கிண்டியில் இறங்கி வேலைக்குச் செல்பவன் நான். செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்து நான்கு பேர் படித்ததும், கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்ட எண்ணிக்கையை யாரோ கேட்க யாரோ சொன்னதும் இந்தப் பெட்டிகளில் இயல்பாக நடந்தவை. இன்று பெரும்பாலோர் கைப்பேசிக்குள் இருக்கிறார்கள். யாரேனும் இரண்டு வார்த்தை பேசிய நாளில் மட்டும் எனக்கு அலுவலகம் சேரும்போது களைப்புக் குறைவாகத் தோன்றுகிறது. என் நண்பரோ, "மறுபடி பார்க்கவே போகாத ஒருவரிடம் பேசி என்ன ஆகப்போகிறது? குடும்பமும் நண்பர்களும் போதாதா?" என்கிறார். இது வெறும் பழைய நினைவின் மயக்கந்தானா, உண்மையிலேயே பயன் உண்டா? பயன் உண்டென்றால், பிறரைத் தொந்தரவு செய்யாமல் பேச்சை எப்படித் தொடங்குவது?

நூலக மேசை:

தங்களுக்குத் தோன்றுவது மயக்கமன்று. 2014-ஆம் ஆண்டில் நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்னும் இரு உளவியலாளர்கள் சிகாகோவின் ரயில், பேருந்துப் பயணிகளிடையே தாங்கள் நடத்திய ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். சிலரைப் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னார்கள். சிலரைத் தனித்திருக்கச் சொன்னார்கள். மற்றவர்களை வழக்கம்போல் பயணம் செய்ய விட்டார்கள். பேசியவர்களே தங்கள் பயணம் இனிமையாக அமைந்ததாகக் கூறினார்கள். ஆனால் முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னபோது மக்கள் நேர்மாறாகத்தான் ஊகித்தார்கள்: பேசினால் பயணம் கெடும் என்றே நினைத்தார்கள். எதிரில் இருப்பவருக்குப் பேச விருப்பம் இராது என்று ஒவ்வொருவரும் நினைப்பதால்தான் அனைவரும் வாய்மூடி அமர்ந்திருக்கிறார்கள் என்பது இந்தச் சோதனையிலிருந்து தெரிகிறது.

நண்பருடைய கேள்விக்கும் பழைய விடை ஒன்று உண்டு. மார்க் கிரானோவெட்டர் என்னும் சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோர்க்கு அந்தச் செய்தியைச் சொன்னவர் நெருங்கிய நண்பரல்லர், எப்போதாவது சந்திக்கும் அறிமுகமே என்று காட்டினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி தள்ளி இருப்பவரிடமிருந்துதான் வரும். எனினும், அமெரிக்க நகர ஆய்வுகளை அப்படியே சென்னைக்குப் பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. இங்கே பேச்சு மனமகிழ்ச்சிக்காகத் தொடங்குவதைவிடத் தேவையின் பொருட்டுத் தொடங்குவதே அதிகம்.

ஓய்வுபெற்ற நடத்துநர்:

மேலே உள்ளவர் 'தேவை' என்று சொன்னதை நான் வழிமொழிகிறேன். மாநகரப் பேருந்தில் நடத்துநராக இருந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். கூட்ட நேரத்தில் நடத்துநரால் நகர முடியாது. முன்புறத்தில் நிற்பவர் நீட்டும் பத்து ரூபாய்த் தாள், "சைதாப்பேட்டை ஒண்ணு" என்ற சொல்லோடு ஐந்தாறு கைகள் மாறி என் கைக்கு வரும். பயணச்சீட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகளின் வழியே திரும்பிப் போகும். சில்லறை வழியில் குறைந்துவிட்டது என்று சண்டை வந்ததை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். "சீட்டு வந்துச்சா?" என்று நடுவில் நின்றவர் கேட்பார், அங்கிருந்து ஒரு பேச்சு கிளம்பும். நட்புக் கொள்ள வேண்டும் என்று அவர்களில் ஒருவரும் பேருந்தில் ஏறவில்லை. கைக்கு ஒரு வேலை கிடைத்ததால் வாய் திறந்தது, அவ்வளவே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காசு யார் யார் கையைத் தொட்டு வந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்க வழியும் இல்லை. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த ஊர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது சிறிய செய்தியன்று. 2021-இல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகும் சீட்டு கொடுக்கப்படுவதால், காசு நகராத இடத்திலும் சீட்டு நகர்கிறது.

தென்மாவட்டத்துக்காரன்:

நடத்துநர் ஐயா சொன்னதிலிருந்துதான் என் கருத்தும் தொடங்குகிறது. எங்கள் பக்கத்தில் அறியாதவரோடு பேச்சு என்றால் முதல் கேள்வி "எந்த ஊர்?", இரண்டாவது "யார் வீடு?", மூன்றாவது "எந்தத் தெரு?" என்று போகும், மூன்றாவதற்கு விடை கிடைத்ததும் சாதி தெரிந்துவிடும், அதன்பின் பேச்சின் தொனியும் மாறிவிடும். கிராமத்தில் எல்லாரும் எல்லாரோடும் பேசுகிறார்கள், நகரத்தில்தான் பேசுவதில்லை என்று ஏங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ரயில் தாமதத்தைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசிவிட்டு, பெயர்கூடக் கேட்காமல் இறங்கிப் போகும் ஒருவர் எனக்குத் தரும் மரியாதை, ஊரில் எனக்குக் கிடைக்காதது. ஆகவே, கிண்டிப் பயணி அவர்களே, தாராளமாகப் பேசுங்கள். விசாரணை மட்டும் வேண்டாம்.

மகளிர் பெட்டி வாசகி:

இதுவரை எழுதியவர்கள் ஒன்றைத் தொடவே இல்லை. பொதுப் பெட்டியில் ஒரு பெண் புன்னகைத்தால் அதை அழைப்பாக எடுத்துக்கொள்பவர்கள் இருக்கும்வரை, எங்களுடைய மௌனத்தைத் திமிர் என்றோ கைப்பேசி மோகம் என்றோ சொல்வது நியாயமாகாது. அந்த அச்சம் இல்லாத மகளிர் பெட்டியில் பேச்சுக்குக் குறைவே இல்லை. பூத் தொடுத்துக்கொண்டும், கொய்யாப்பழம் விற்பவரிடம் சேர்ந்து பேரம் பேசிக்கொண்டும், மாமியார் முதல் மகப்பேறு வரை எல்லாம் பேசப்படுகிறது. வேலைக்குச் செல்லும் பெண்களுக்கான விடுதி எங்கே நன்றாக இருக்கிறது என்பதைச் சென்னைக்கு வந்த புதிதில் எனக்குச் சொன்னவர், எனக்குப் பெயர் தெரியாத ஓர் அக்கா. வீட்டாரிடம் சொல்ல முடியாததை அங்கே சொல்ல முடிவதற்குக் காரணம், அவரவர் நிலையம் வந்ததும் பேச்சு முடிந்துவிடும் என்ற நிச்சயம்.

கிண்டிப் பயணி:

அனைவருக்கும் நன்றி. வாசகி அவர்கள் சொன்னது என்னை யோசிக்க வைக்கிறது. அப்படியானால், எதிரில் இருப்பவருக்கு விருப்பமில்லை என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லாமலே அறிவது எப்படி?

மகளிர் பெட்டி வாசகி:

ஒரு சொல்லில் விடை சொல்லக்கூடிய கேள்வியைக் கேளுங்கள். "இது எல்லா நிலையத்திலும் நிற்குமா?" என்பது போதும், அதற்குப் பதில் சொல்ல யாரும் சங்கடப்பட மாட்டார்கள். அவர் காதிலிருந்து ஹெட்போனை முழுவதும் கழற்றினால் மேலே பேசலாம். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால், பதிலைப் பெற்றுக்கொண்டு நன்றி சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்பது பெண்ணிடம் என்றால், முதல் கேள்விக்கு அவர் விடை சொன்ன பிறகு இரண்டாவது கேள்வி அவரிடமிருந்து வரட்டும்.