சுற்றிவரப் பச்சை, தம்பி மட்டும் காம்பிராவை விட்டு வெளியே வருவதில்லை

பொகவந்தலாவை அக்கா:
தம்பிக்கு 16 வயது. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததிலிருந்து, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் காம்பிரா என்கிற அறைக்குள்ளேயே கிடக்கிறான். கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன், "மலை, குளிர், அருவி எல்லாம் இருக்கே, அவனுக்கு என்ன குறை?" என்கிறார். போதாததற்கு 2019இல் டென்மார்க்கில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த ஆய்வு பற்றிய செய்தியையும் அனுப்பியிருக்கிறார். பச்சைக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் மனநோய் வருவது குறைவாம். எங்கள் வாசலைத் தாண்டினாலே தேயிலைதான். அப்புறம் ஏன் இவன் இப்படி?

மஸ்கெலியா டீச்சர்:
தங்கச்சி, அந்த ஆய்வில் பச்சையை அளந்தது செயற்கைக்கோள் படத்தை வைத்து. மேலிருந்து பார்த்தால் பூங்காவும் தேயிலை மலையும் ஒரே நிறம். நம் பிள்ளைகளுக்கு அது அம்மா கூடை சுமக்கிற இடம். சும்மா போய் நின்றால் கங்காணி, "இங்க என்னடா சுத்துற?" என்பார். குளவிப் பயம் வேறு.
எங்கள் தோட்டத்தில் பையன்கள் பந்தடித்த தரை இப்போது மரக்கறிப் பாத்தி. அவர்கள் ரோட்டு முனைக் கடையில் போய் நிற்கிறார்கள். பொம்பளைப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை, பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற நேரம்தான். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி குடம் நிரம்பியதும் கொட்டிவிட்டு மறுபடி பிடிப்பாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஹட்டன் தப்புக்காரன்:
டீச்சர் சொல்வது சரி, ஆனால் ஆய்வை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். வாய்ப்புக் குறைவு என்றுதான் அது சொல்கிறது, வராது என்று இல்லை.
நானும் உயர்தரம் எழுதிவிட்டு இப்படித்தான் கிடந்தேன். "வெளிய போய் காத்து வாங்குடா" என்று அம்மா சொல்லச் சொல்ல எரிச்சல்தான் வந்தது. அந்த மாசியில், மன்மதன் கதையை ஆடுகிற காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடிக்க ஆள் பற்றவில்லை, இழுத்துக்கொண்டு போனார்கள். நடுச்சாமக் குளிரில் தோலைத் தீயில் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்று திருப்பிப் பிடிக்க வேண்டும். விடிய விடிய வெளியேதான் நின்றிருந்தேன், அது உறைக்கவே இல்லை.
அக்கா, தம்பி தூங்காமல், சாப்பிடாமல் இருந்தால் மட்டும் இதையெல்லாம் நம்பி இருக்காமல் 1926க்கு எடுங்கள். அரச மனநல உதவி இலக்கம் அது.

பொகவந்தலாவை அக்கா:
தூங்குகிறான், சாப்பிடுகிறான். நம்பரைப் போனில் போட்டு வைத்துவிட்டேன். நேற்று முன் திண்ணையைக் காட்டி, "இஸ்தோப்புக்காவது வாயேன்டா" என்றேன். "வந்து எங்க நிக்கிறது?" என்றான். மாசிக்கு இன்னும் நாள் கிடக்கிறது. கோயில் தலைவரிடம் இப்போதே பேசி வைக்கலாமா?