விண்டோஸ் 10 போய் லினக்ஸ் மின்ட்: வைஃபை, பாமினி, பிரிண்டர் மூன்றும் தகராறு, உதவுங்க

குடியாத்தம் ஜெராக்ஸ் கடை:
அண்ணா, கடை லேப்டாப்பில் (4 ஜிபி ராம்) விண்டோஸ் 11 ஏறாது. 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு இலவச அப்டேட்டும் நின்றதால் லினக்ஸ் மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ (விண்டோஸுக்குப் பதிலா ஓடும் இலவச சிஸ்டம், அதில் லேசான பதிப்பு) போட்டாச்சு. வைஃபை பட்டியலே வரல. பாமினி ஃபான்ட்டில் அடிச்ச பழைய மனுக்கள் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியுது. லேசர் பிரிண்டரில் 'முடிந்தது'ன்னு காட்டுது, தாள் வரல. கடையில் உட்காரும் பொண்ணு டைப்ரைட்டிங் லோயர் (தட்டச்சு கீழ்நிலைத் தேர்வு) முடிச்சது, கம்ப்யூட்டர் புதுசு. அதுக்குச் சரிப்படுமா?

காட்பாடி:
தாராளமா சரிப்படும் தம்பி. புதுசா கத்துக்கிறவங்களுக்கு மின்ட் சிரமமே இல்லை. இடிப்பது பழைய ஃபைலும் பழைய கருவியும்தான்.

முதலில் நெட். போனை யூஎஸ்பியில் சொருகி டெதரிங் (போன் நெட்டை லேப்டாப்புக்குப் பகிர்வது) போடுங்க. உங்க வைஃபை சிப் பிராட்காம் கம்பெனியோடதுன்னா, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதுக்குப் பரிந்துரைத்த டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) தெரியும். அதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட். அப்படியும் வரலைன்னா பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) செக்யூர் பூட்டை நிறுத்துங்க. அது ஆனில் இருந்தால் கையொப்பம் பதியாத டிரைவர் ஏறாது.

பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த ஃபான்ட். ஃபான்ட் இல்லைன்னா அடியில் இருக்கும் ஆங்கிலம்தான் தெரியும், ஃபைல் கெட்டுப்போகலை. ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல்+ஹெச் அழுத்தி, புள்ளியில் தொடங்கும் 'லோக்கல்', அதனுள் 'ஷேர்', அதனுள் 'ஃபான்ட்ஸ்' (இல்லைன்னா உருவாக்குங்க, பெயர் ஆங்கிலச் சின்ன எழுத்தில்). அங்கே பாமினியைப் போட்டு, லிப்ரே ஆபீஸை முழுசா மூடித் திறங்க.

புது மனுவுக்குப் பாமினி வேண்டாம், யூனிகோட்தான் (தனி ஃபான்ட்டை நம்பாத பொதுவான எழுத்துமுறை). சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் எம்17என் (தமிழில் தட்டச்சு செய்ய உதவும் மென்பொருள்) நிறுவி, இன்புட் மெத்தடில் ஐபஸைத் தேர்ந்து, லாக்அவுட் செய்து வந்து, தமிழ் டைப்ரைட்டர் அமைப்பைச் சேருங்க. பழகிய விரல் அப்படியே ஓடும்.

பிரிண்டர் ஹெச்பி 1020-ஆ?

குடியாத்தம் ஜெராக்ஸ் கடை:
ஆமாண்ணா, அதேதான். வைஃபை வந்துடுச்சு.

காட்பாடி:
அந்த மாடல் ஃபர்ம்வேரை (பிரிண்டரையே இயக்கும் உள் மென்பொருள்) தன்னிடம் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் ஏற்றணும். ஹெச்பிலிப் ஜியூஐ (லினக்ஸுக்கான ஹெச்பி பிரிண்டர் மென்பொருள்) நிறுவி, பிரிண்டரை அதில் சேர்த்தால் பிளக்இன் (கூடுதல் துணைக் கோப்பு) கேட்கும், சம்மதம் கொடுங்க. பிறகு பிரிண்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்க. ஹெச்பிலிப் அப்டேட் ஆனால் பிளக்இன் மறுபடி கேட்கலாம்.

வாலாஜா:
ஒண்ணு விட்டுப்போச்சு. கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வச்சு வேலை நடக்குதுன்னா, அதுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கான்னு தயாரிப்பாளர் தளத்தில் பாருங்க. இல்லைன்னா அந்த வேலைக்கு விண்டோஸ் மெஷின் ஒண்ணு தனியா இருக்கட்டும். 4 ஜிபியில் மின்ட்டுக்குள்ளேயே விண்டோஸ் ஓட்டப் பார்க்காதீங்க, இரண்டுமே நொண்டும்.