ஜிஆர்5: ஜெனீவா ஏரியிலிருந்து நீஸ் வரை, சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு?

நெடுநடை:
ஜூலை 20 கிளம்பி பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் ஜிஆர்5 என்ற நெடுந்தூர நடைபாதையை முழுக்க நடக்கப் போகிறேன். 600 கிலோமீட்டருக்கு மேல், 30 நாள், தனியாக. வழியில் வரும் மொதான், பிரியான்சோன் ஊர்களுக்குத் தபாலில் உணவுப் பெட்டி அனுப்பிவிட்டு, நடுவில் எட்டெட்டு நாள் சாப்பாட்டைச் சுமக்கலாம் என்று கணக்கு. நாளுக்கு 800 கிராம் வீதம் 6.4 கிலோ வருகிறது. சரிப்படுமா?

மேட்டுப்பாதை:
பெட்டி வேண்டாம். நானும் இதே பாதையில் ஒரு ஊருக்குப் பெட்டி அனுப்பினேன். சனிக்கிழமை பகல் 12.10க்கு மூச்சிரைக்கப் போய் நின்றால் தபால் நிலையம் பூட்டிக் கிடந்தது. மஞ்சள் டேப் ஒட்டிய என் பெட்டி, கண்ணாடிக் கதவு வழியே அலமாரியில் தெரிகிறது! திங்கள்கிழமை காலை வரை அந்த ஊரிலேயே கிடந்தேன். பெட்டிக்குள் இருந்தது பத்துப் பாக்கெட் உருளைக்கிழங்குப் பொடி. முதல் வாரத்திலேயே அலுத்துப்போன சங்கதி. அதே பொடி எதிர்க்கடையிலும் அடுக்கியிருந்தது.

இன்னொன்று: பிரான்சில் தபால் நிலையத்தில் பெட்டியை 15 நாள்தான் வைத்திருப்பார்கள். நீங்கள் கிளம்பும்போதே அனுப்பினால், பிரியான்சோன் போய்ச் சேருவதற்குள் அது திரும்பிப் போய்விடலாம்.

எட்டு நாள் சுமையும் தேவையில்லை. சமுவான், லே ஊஷ், வால் திசேர், மொதான், பிரியான்சோன் எல்லாவற்றிலும் கடை உண்டு. தெற்கே போகப் போகத்தான் குறையும். சேயாக்கில் சின்ன மளிகைக்கடை. அங்கே நான்கு நாளுக்கு வாங்கிக்கொண்டால் சேன்த் எத்தியென் த தினே வரை கவலையில்லை. சுமக்க முடியாத நாளில் மலை விடுதியில் இரவுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் மதியத்துக்கும் பொட்டலம் கட்டித் தரச் சொல்லுங்கள். முதல் நாள் மாலையே சொல்லிவிட வேண்டும். கையில் ரொக்கம் இருக்கட்டும்.

அதனால் கிலோமீட்டரை விட்டுவிட்டு முதலில் கிழமையைப் பாருங்கள். சின்ன ஊர்க் கடைகள் மதியம் சாத்திவிட்டு மூன்று, நான்கு மணிக்குத்தான் திறக்கும். ஞாயிறு பிற்பகல் அநேகமாக எதுவும் இருக்காது. ஆகஸ்ட் 15 வேறு அரசு விடுமுறை.

கூடாரக்காரர்:
அடுப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பிரான்சில் திருகும் கேஸ் டப்பாவும் உண்டு, சொருகிப் பூட்டும் டப்பாவும் உண்டு. சின்ன ஊரில் சொருகுவது மட்டும் கிடைத்தால் திருகும் அடுப்புக்காரர் பாடு திண்டாட்டம். விமானத்திலும் டப்பா கொண்டுபோக முடியாது. என்னிடம் 230 கிராம் டப்பா ஒரு வாரத்துக்கு மேலே தாங்கியது, ஆனால் நான் வெந்நீர் மட்டும்தான் போடுவேன்.

நெடுநடை:
பட்டியலில் கிழமை எழுதிப் பார்த்தேன். பிரியான்சோனுக்கு ஞாயிறு மாலை போய்ச் சேருகிறேன், நல்லவேளை கேட்டேன். பயணத்தை ஒரு நாள் முன்னுக்குத் தள்ளுகிறேன், பெட்டி ரத்து. எண்ணெய் மட்டும் சின்ன பாட்டிலில் கொண்டுபோகலாமா?

மேட்டுப்பாதை:
கட்டாயம். கிராமுக்கு 9 கலோரி, வேறெதிலும் கிடைக்காது. மூடியை மட்டும் இறுக்கிப் பையில் போட்டுக் கட்டுங்கள். என் தூக்கப்பையில் இன்னும் ஆலிவ் வாசம் போகவில்லை.